மூன்று முதுகு என்னிடம், மூன்று முதுகு அவளிடம்

குற்றாலத்துக்கு வந்துபோகிறவர்களில் பலரை முதுகை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் சிறுவயதிலிருந்தே இல்லை. ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே புது வாத்தியார் முன்னால் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் போகவில்லை. இதை இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு எண்ணெய் தேய்க்கும் தொழில் அமைந்தது தெய்வச் செயல். வருகிறவர் குப்புறப் படுத்துக்கொள்வார். அவர் பேசினாலும் பலகையோடுதான் பேசுவார். நான் தொழில் பழகியது அருவிக்கரையில். எண்ணெயை ஏற்றுவது என் வேலை, இறக்குவது அருவியின் வேலை. அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் முதுகில் அறையும்போது எந்த எண்ணெய் நிற்கும்? பிறகு அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். நான் ஒரு லாட்ஜின் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு மாறினேன். தேய்த்து அனுப்பிவிடுவேன், போனவர்கள் அந்த எண்ணெயை என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன வருடம் லாட்ஜ்காரர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கொட்டகையைப் பிரித்துவிட்டார்.

செங்கோட்டை ரோட்டில் என் மச்சான் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். என் மனைவிக்கு மூத்தவர். நல்ல மனிதர், ஆனால் சத்தமான மனிதர். கடைக்கு முன்னால் ரோட்டில் நின்று, சிவப்புத் துணியை ஆட்டி, போகிற கார்களை எல்லாம் “வாங்க சார், சூடா இருக்கு, உள்ள இடம் இருக்கு” என்று கூப்பிட ஒரு ஆள் தேவை என்றார்.

“ஒரு வாரம் நில்லுங்க மாப்ளே. வெக்கம் தன்னால கழண்டு ஓடிரும்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கனவில்கூட கார்கள் வந்தன. எல்லாக் காரிலும் ஆறாம் வகுப்பு வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் இலத்தூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஆள் கேட்டார்கள். அங்கே மேனேஜர் சுரண்டைக்காரர், என்னைவிட இளையவர், என் கொட்டகைக்கு வந்து தேய்த்துக்கொண்டவர். வருடம் முழுக்க வேலை, தனி அறை, சாரல் காலம் முடிந்தாலும் நிறுத்த மாட்டோம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

“அண்ணாச்சி, உங்க கையில ஒரு குறையும் இல்ல. வாய்தான். கெஸ்ட்டுக்கிட்ட நாலு வார்த்த பேசணும். பேசாம தேய்ச்சா அவங்க என்ன நினைக்காங்க தெரியுமா? ஏதோ பழைய பகைய வச்சுத் தேய்க்கான்னு நினைக்காங்க.”

மூன்று வாக்கியம் கற்றுக்கொடுத்தார். படுக்கும் முன்னால், “வெல்கம் சார்.” நடுவில், “பிரஷர் ஓகே சார்?” முடிந்ததும், “ஹவ் வாஸ் இட் சார்?” நான்கு நாள் பார்ப்போம், கடைசி நாள் விருந்தாளிகளிடம் ஒரு பேப்பர் கொடுத்து எழுதச் சொல்வோம், அதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். தேறினால் ரிசார்ட், தேறாவிட்டால் சிவப்புத் துணி.

வருகிறவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள் என்று தெரிந்ததும் நான் கால்பந்து ஆட்டக்காரர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கால்பந்துக் காலத்தில் தெருவுக்குத் தெரு அந்த நாட்டுக் கொடிதான் கட்டியிருக்கும். முட்டி வலிக்கு இருக்கட்டும் என்று மருந்தெண்ணெய் கூடுதலாகக் காய்ச்சி வைத்தேன். வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் பெண்கள். மூன்று ஜோடி. டாங்கோ என்று ஒரு ஆட்டம், அதை ஊர் ஊராகப் போய் ஆடுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் அவர்கள் தொழில். கற்றுக்கொள்ள சென்னை, பெங்களூரிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். கடைசி நாள் மாலை மூன்று ஜோடியும் ஆடிக்காட்டுவார்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த சென்னைப் பெண்ணுக்கு அவர்கள் பாஷை தெரியும்.

பெண்களுக்கும் தேய்க்க வேண்டும் என்றபோது மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்படித்தான் என் மனைவி உள்ளே வந்தாள். தென்காசியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் தாயையும் பிள்ளையையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள் வேலை. அவளுக்கு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வந்த பெண்களிடம் தமிழிலேயே பேசினாள். அவர்களும் அவர்கள் பாஷையில் பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மனநிறைவாக இருந்ததாகத் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தவர் மூத்த ஜோடியின் ஆண். எழுபதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு. வாசலில் மேனேஜர் காதை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று வாக்கியத்தில் எது முதல், எது கடைசி என்பது மறந்துபோய், உள்ளே நுழைந்தவரிடம், “ஹவ் வாஸ் இட் சார்?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “குட், குட்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று மாலை தென்காசிக்கு பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஆரம்பித்தாள்.

“உங்க ஆளு எப்படி? அந்தப் பெரியவரு.”

“குதிங்கால் பச்சப்பிள்ளைக்கு இருக்க மாதிரி இருக்கு. முன்னங்கால் மட்டும் காய்ச்சுப்போயிருக்கு. நெஞ்ச முன்னால குடுத்தே நின்னு பழகுன ஆளு” என்று மெதுவாகச் சொன்னேன்.

“அப்படிச் சொல்லுங்க. அவரு வீட்டம்மா முதுகுல ஒரு முடிச்சு இல்ல. பஞ்சு மூட்டை. இவ ஆயுசு பூரா எங்கயோ சாஞ்சுக்கிட்டே இருந்திருக்கான்னு நினைச்சேன். எங்க சாஞ்சிருக்கான்னு இப்பல்லா தெரியுது.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசு.”

“முதுகத்தான சொல்லுதேன். சின்னவ இருக்காளே, அவ தொட...”

“ஏட்டி.”

“தொடைக்கு வேற பேரா இருக்கு? கல்லு. உரலத் தடவுத மாதிரி இருக்கு.”

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். “யக்கா, டிக்கெட்ட எடுத்துட்டு மிச்சத்தச் சொல்லுங்க. நான் பின்னால போகணும்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் என்னிடமும் ஒரு செய்தி இருந்தது. அதை அடக்கவும் முடியவில்லை. கண்டக்டர் போனதும் சொன்னேன்: “சின்னவன் காலப் பாத்தா பாவமா இருக்கு. முழங்காலுக்குக் கீழ உள்பக்கம் பூரா கன்னிப்போயிருக்கு. உதை வாங்குன மாதிரி.”

அவள் பேச்சை நிறுத்தினாள். இலஞ்சி விலக்கு வரைக்கும் நிறுத்தியிருந்தாள். பிறகு, “அவ குதிங்காலுல தோல் உரிஞ்சிருக்கு” என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று முதுகு என்னிடம், மூன்று முதுகு அவளிடம். சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் ரகசியம் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் சின்னவளுக்குத் தேய்க்கும்போது என் மனைவி சென்னைப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு புத்தி சொன்னாளாம். “ஆம்பள ஒரு வார்த்த சொன்னா நீ ரெண்டு வார்த்த திருப்பிச் சொல்லு. வேண்டாங்கல. காலத் தூக்காத. நாளப்பின்ன அவனுக்கு நடக்க வேண்டாமா?” சென்னைப் பெண் சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தாள். சின்னவள் சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து உருண்டு விழப் பார்த்தாள்.

“அக்கா, அவங்க ஹஸ்பண்ட் வைஃப் இல்ல. டான்ஸுக்கு மட்டும்தான் ஜோடி. அந்த உதையும் டான்ஸ்ல வர்றதுதான்.”

“புருசன் இல்லையா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி கொஞ்சம் யோசித்திருக்கிறாள். “அப்ப உதைக்கட்டும்.”

இந்த விஷயம் வெளியே பரவியதால் எங்கள் இருவருக்கும் வகுப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நான் உள்ளே போகவில்லை. சமையலறையை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே நின்றேன், மனைவியும் பக்கத்தில் வந்து நின்றாள். ஜன்னல் கட்டை உயரம். குனிந்து பார்த்தால்தான் முகம் தெரியும், நிமிர்ந்து நின்றால் இடுப்புக்குக் கீழே மட்டும். எனக்கு அது போதும். காலைப் பார்த்ததும் யார் என்று தெரிந்தது.

மூத்த ஜோடி நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று, சின்னச் சின்ன அடியாக வைத்தார்கள். அவர்கள் ஊரில் சின்ன மண்டபங்களில் கூட்டம் நெரியுமாம், அதற்குள் ஆடிப் பழகிய பாணி இது என்று சென்னைப் பெண் சொன்னாள். எனக்கு உடனே புரிந்தது. சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குள் நிற்கிற கூட்டத்தில், யார் காலையும் மிதிக்காமல் ஒரு ஆட்டம் ஆட முடியுமானால் அது இப்படித்தான் இருக்கும். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாரத்தையும் அவர்மேல் சாய்த்திருந்தாள். அவர் முன்னங்காலில் நின்று அதைத் தாங்கினார்.

நடு ஜோடிக்கு நாற்பது வயதிருக்கும். அந்த மனிதரின் உடம்பு தராசுத் தட்டு மாதிரி, இடதும் வலதும் ஒரே கனம். எங்கே தொட்டாலும் வலி இல்லை. இவருக்கு எதற்குத் தேய்க்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்திருந்தது. அவர்கள் நடந்தார்கள். நீளமாக, நேராக, சும்மா நடந்தார்கள்.

“நடக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க?” என்றாள் மனைவி.

ஆனால் பார்க்கப் பார்க்க எங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை. பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை, ஈரத்தை ஒற்றி எடுக்கிற துணி மாதிரி போயிற்று. இருவருக்கும் நடுவில் சில நேரம் ஒரு கை அகலம் திறக்கும். அந்த இடத்தில் அவள் பம்பரம் போலத் திரும்பித் திரும்பிக் காலால் எட்டு எழுதுவாள். பிறகு கதவு சாத்துவது போல மூடிக்கொள்வார்கள். அவள் கணுக்கால் திருகாணி மாதிரி என்று என் மனைவி பஸ்ஸில் சொன்னது சரி என்று தெரிந்தது.

இளைய ஜோடி மேடைக்காரர்கள். அவன் இரண்டு காலுக்கும் நடுவில் அவள் தன் காலை விட்டு, பின்பக்கமாகக் கொக்கி போட்டு, மின்னல் போல இழுத்துக்கொள்வாள். கொஞ்சம் பிசகினால் அவன் காலில்தான் படும். பிறகு ஓடிவந்து அவன்மேல் தாவுவாள், அவன் தூக்கிச் சுற்றுவான். அவன் இடுப்பில் நான் இரண்டு நாளாகத் தேடித்தேடி அவிழ்த்த முடிச்சுகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஆட்டம் புரிந்துவிட்டது. என் பிரச்சினை அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் முடிந்தும் நான் அந்த மூன்று வாக்கியத்தில் ஒன்றைக்கூட இடம் பார்த்துச் சொல்லவில்லை. மேனேஜர் கூப்பிட்டார்.

“நாளைக்குப் பேப்பர் குடுக்கணும் அண்ணாச்சி. அவங்க என்ன எழுதுவாங்க? இங்க ஒருத்தர் இருக்காரு, ஊமைன்னு எழுதவா?”

பக்கத்தில் துணி வெளுப்பவர் வேறு ஒரு மூட்டையோடு நின்றார். “எனக்கும் ஒரு வழி சொல்லச் சொல்லுங்க சார். ஆம்பளைங்க ரூம் பெட்சீட்டு பூரா வடை எடுத்து வச்ச பேப்பர் மாதிரி இருக்கு. பொம்பளைங்க ரூமுல அப்படி இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வாய் செய்யாததைக் கை செய்யட்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

கடைசி நாள் காலையில் மூன்று பேருக்கும் அருவிக்கரைக் காலத்துத் தேய்ப்பு, இரண்டு மடங்கு எண்ணெய். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை. உள்ளங்காலை விடக் கூடாது, சூடு இறங்குவது அதன் வழியாகத்தான். மூன்று பேரும் குத்துவிளக்கு போல மினுமினுத்தார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கை வழுக்கிக்கொண்டு போயிற்று. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு குழாயைத் திறந்து குளித்தார்கள். அந்தக் குழாயில் பூவாளியில் விழுகிற மாதிரிதான் தண்ணீர் விழும்.

மூன்று மணிக்கு ஒத்திகை. பாட்டு ஆரம்பித்தது. சின்னவள் ஓடிவந்து தாவினாள். சின்னவன் கையில்லாத பனியன் போட்டிருந்தான். தாவியவள் அவன் கழுத்தைப் பிடித்தாள், கழுத்து வழுக்கியது. தோளைப் பிடித்தாள், தோளும் வழுக்கியது. உறியடித் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுகிற பையன்கள் இறங்குவதைப் போல, அவசரமில்லாமல், அவனைக் கட்டிப்பிடித்தபடியே மேலிருந்து கீழே வந்து தரையில் உட்கார்ந்தாள். நடு ஜோடியின் ஆண் ஒரு நீள அடி வைத்தார். ஷூ நின்றது, உள்ளே பாதம் நிற்கவில்லை. அன்னநடை வாத்துநடை ஆயிற்று. பெரியவரின் மனைவி கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்துச் சாய்ந்தாள், கன்னம் நழுவித் தோளுக்குப் போயிற்று. நிமிர்ந்து, முதல்முறையாகக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

பாட்டை நிறுத்தினார்கள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். என் கண்ணுக்குள் சிவப்புத் துணி ஆடியது.

என் மனைவிதான் கேட்டாள். “எண்ணெய எப்படி இறக்குனிய?”

“அது... அருவியில...”

“இங்க எங்க அருவி இருக்கு?”

நான் கையை வேட்டியில் துடைத்தேன்.

“ஏத்துனவன்தான இறக்கணும். பச்சப்பிள்ளைக்கு எண்ணெய் வச்சு அப்படியே தொட்டில்ல போட்டா வழுக்கிராதா? நான் மூணு பேரையும் தினமும் பயத்தமாவு தேச்சுச் சுடுதண்ணி ஊத்தித்தான் அனுப்புதேன்.” அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவரிடம் திரும்பினாள். “தம்பி, மாவு தீந்துபோச்சு. சீயக்காப்பொடி வாங்கிட்டு வாங்க, ரெண்டு பாக்கெட். ஓடுங்க.” மேனேஜர் ஓடினார்.

சமையலறைக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல். மூன்று பேரும் அரைக்கால் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் குளிக்கும் இடம் என்பதால் என் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உத்தரவு போட்டாள். “மொதல்ல சுடுதண்ணி. பொடியக் கட்டியில்லாமக் கரைச்சியளா? தலையிலருந்து ஆரம்பிங்க. கண்ண மூடச் சொல்லுங்க. சொன்னியளா?”

சொல்லவில்லை. அதற்குள் கரைசல் பெரியவர் நெற்றியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. இப்போது பேசியே ஆக வேண்டும்.

“குளோஸ் ஐ” என்று கத்தினேன்.

என் வாழ்க்கையில் வாசல் தாண்டிக் கேட்கும்படி நான் பேசியது அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காத ஆங்கிலம். பெரியவர் உடனே மற்ற இருவருக்கும் அதைத் தன் பாஷையில் கத்தினார். கொஞ்சம் தாமதம்தான். மூன்று பேருக்கும் கண்ணில் போய்விட்டது. ஆனால் எண்ணெய் போய்விட்டது. பெரியவரின் முதுகை விரலால் தேய்த்துப் பார்த்தேன், கீச்சென்று சத்தம் வந்தது.

ஆறரை மணிக்கு மூன்று ஜோடியும் கறுப்பு உடுப்பில் வந்தார்கள். ஆண்கள் மூன்று பேரின் கண்ணும் கோவைப்பழம். ஆர்மோனியத்தை இரண்டு கையால் பிடித்து இழுப்பது போன்ற ஒரு வாத்தியம் அழுதுகொண்டிருந்தது. அதற்கு ஏற்றபடி இவர்கள் கண்ணும் கலங்கி வடிந்தது. பெரியவர் மனைவியைச் சாய்த்துக்கொண்டு சின்ன அடி வைக்கும்போது கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. பெங்களூர்க்காரர்கள் வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தாள். நடு ஜோடியின் ஆண் நடுவில் நின்று இமையை மூடித் திறந்தார், கைதட்டினார்கள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இவ்வளவு உணர்ச்சியோடு இவர்கள் ஆடியதில்லை என்று சென்னைப் பெண் பிறகு சொன்னாள். என் மனைவி காலிச் சீயக்காய்ப் பாக்கெட் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் சமையல்காரர்களும் சேர்ந்துகொண்டதால் நெரிசல். மனைவியின் தோள் என் கையில் பட்டது. வழக்கம்போல ஒதுங்கினேன்.

“இதான். நான் சாஞ்சா விலகிருதிய. உள்ள அந்த மனுசனப் பாருங்க.”

சமையல்காரர்கள் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். ஊரார் முதுகெல்லாம் எனக்குத் தெரியும். அவள் வலது தோளில் ஒரு முடிச்சு இருப்பது அன்றுதான் தெரிந்தது. தண்ணீர்ச் செம்பு தூக்கித் தூக்கி வந்ததாக இருக்கும்.

மறுநாள் காலை அவர்கள் பஸ் புறப்பட்ட பிறகு மேனேஜர் பேப்பர்களோடு உட்கார்ந்தார். சென்னைப் பெண் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் வாசித்து எங்களுக்குச் சொன்னார். மூன்று பெண்களும் என் மனைவியைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். சின்னவள், தன் அம்மாகூட இவ்வளவு திட்டியதில்லை, மறுபடி வருவேன் என்று எழுதியிருந்தாள். இளையவனும் நடு ஆளும் என்னைப் பற்றி “நல்ல கை, நிறைய எண்ணெய்” என்று முடித்திருந்தார்கள். பெரியவர் மட்டும் இரண்டு வரி. ஆடும்போது எங்கள் ஊரில் பேசுவது மரியாதை இல்லை. இவரும் பேசவில்லை, நன்றி.

மேனேஜர் அந்த இரண்டு வரியை இரண்டு தடவை வாசித்தார். தலையைச் சொறிந்தார்.

“இந்த ஒருத்தர வச்சு நான் மேல பேச முடியாது அண்ணாச்சி. எல்லா கெஸ்ட்டும் டாங்கோ ஆட மாட்டாங்கல்லா.” பிறகு என் மனைவியைப் பார்த்தார். “வேலை அக்காவுக்குத்தான். அக்கா, ஆம்பளைங்களுக்குத் தேய்க்க நீங்க யாரையாவது துணைக்கு வச்சுக்கோங்க.”

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பாப்பம். ஆளு பேச மாட்டாரு. எண்ணெய எறக்கத் தெரியாது. நம்ம ஆளாப் போயிட்டாரு, என்ன செய்ய” என்றாள்.

மச்சானுக்கு அவளே போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்போது வருகிறவர்களை அறை வாசலில் நின்று அவள்தான் வரவேற்கிறாள். நடுவில் கதவுக்கு வெளியிலிருந்தே, “பிரஷர் ஓகே சார்?” என்று கேட்கிறாள். முடிந்து வெளியே வருகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் சொல்வதற்குள் தானே பதிலையும் சொல்லிவிடுகிறாள். நான் உள்ளே முதுகோடு இருக்கிறேன். கடைசியில் சுடுதண்ணீரும் பொடியும் எடுக்கும்போது மட்டும் அவள் வெளியே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். அந்த இடம் என்னுடையது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “குளோஸ் ஐ” என்கிறேன்.